தட்டினால் தட்டணும்

சோலைமலை சுவரைத் தட்டுகிறார் என்ற செய்தி எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு முழுக்கப் பரவியபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புது வீட்டுக்குக் கிடா வெட்டாமல் குடியேறியதில் முனியாண்டிக்குக் கோபம் என்றார்கள் சிலர். கொத்தனார் சீமெந்தைக் குறைத்துவிட்டு மணலை அள்ளிப் போட்டிருக்கிறார், அதைத்தான் தட்டிப் பார்க்கிறார் என்றார் கடைக்காரர். சுவருக்குள் எதையோ ஒளித்துவிட்டு இடத்தை மறந்துபோனார் என்பது மலைத்தண்ணீர் குழாய்வழி விழும் பீலிக்கரையில் உடுப்புத் துவைத்தவர்களின் கண்டுபிடிப்பு. மறதி வந்த மனிதர் எதைச் செய்தாலும் மறந்துபோய்த்தான் செய்கிறார் என்று முடிவு கட்டுவதில் நாங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சோலைமலை தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற வேலை. இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி அமுக்கிப் பார்த்து, பதம் வந்துவிட்டதா இல்லையா என்று சொல்வார். பென்ஷனுக்கு வந்து சில வருடம் கழித்து மறதி ஆரம்பித்தது. முதலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கோயிலிலிருந்து வந்தார். பிறகு கொட்டகலைக்கு பஸ்ஸில் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு பேர்கள் போயின. மனைவி அம்மாக்கண்ணுவை "இந்தாம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அம்மாக்கண்ணு அதற்கும் திரும்பிப் பார்ப்பாள். கொழுந்து மலையில் காலம் முழுக்க, வேலை வாங்கும் கண்டாக்குமாரோடு சண்டை போட்டு ஜெயித்தவள் அவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டைக்குப் போகவில்லை.

வீட்டில் இன்னொருத்தி மகள் பிரேமினி. புருஷன் கட்டாரில் வேலை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம் அவளுக்கு. மகன் ஜீவராஜ் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையலாளாக இருந்தான்.

இவர்கள் முன்பு இருந்தது ரோட்டுக்குக் கீழே உள்ள பத்துக் காம்பரா லயத்தில். ஒரே நீளக் கூரை, அடியில் வரிசையாகக் காம்பராக்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். போன வருடம் ரோட்டுக்கு மேலே கட்டிய தனி வீடுகளில் ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது. சீமெந்துக் கல் சுவர், தனி கக்கூஸ், குசினிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அம்மாக்கண்ணு குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, பீலிக்கு அலைந்த காலத்தை நினைத்து மூக்கைச் சிந்தினாள். வருடக்கணக்காக, மலையிலிருந்து இறங்கியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய் வரிசையில் நின்று, குளித்து, தண்ணீர் எடுத்து வந்தவள் அவள்.

குடி வந்த அன்று ஒரு சண்டையும் நடந்தது. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி அழகம்மா. புருஷன் வீரய்யா செத்துப்போனவர், மகளை வலப்பனையில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். வீடுகள் பிரித்தபோது தனியாள் என்று அவளுக்குக் கொடுக்கவில்லை. இரண்டு வீட்டு வாசலுக்கும் பொதுவாக ஒரு சவ்சவ் பந்தல் நின்றது. கொடி அழகம்மாவுடையது, பந்தல்கால் அம்மாக்கண்ணுவுடையது. சாமான் ஏற்றும்போது அம்மாக்கண்ணு, "என் காலு எனக்கு வேணும்" என்று நான்கு கம்பையும் பிடுங்கி லொறியில் போட்டுவிட்டாள். காய்த்துத் தொங்கிய கொடி அப்படியே தரையில் படுத்தது. அழகம்மா வாசலில் நின்று பேசிய பேச்சை நான் இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை.

புது வீட்டுக்கு வந்த பிறகுதான் தட்டல் தொடங்கியது.

கடைசிக் கொழுந்தைத் தராசில் நிறுத்து, பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கைச் சுருட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிற நேரம். பள்ளத்திலிருந்து மிஸ்ட் வெள்ளைப் புகைபோல் ஏறி வரும். சோலைமலை பெஞ்சிலிருந்து எழுந்து முன்னறையின் இடப்பக்கச் சுவருக்குப் போவார். விரலை மடக்கி இரண்டு தட்டு. பிறகு காதைச் சுவரில் வைத்து நிற்பார். மறுபடியும் இரண்டு தட்டு. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு கொய்யாக் கன்றும் மழையும் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கும். உள்ளங்கையால் அறைவார். கையைப் பிடித்தால் உதறித் தள்ளிவிட்டு, செருப்பில்லாமல் வாசலைத் தாண்டி ரோட்டைப் பார்த்து ஓடுவார்.

அது ஹட்டன் பஸ் போகிற ரோடு, வளைவு வேறு. ஒரு நாள் பஸ் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கிச் சிங்களத்தில் திட்டிவிட்டு, ஆளின் முகத்தைப் பார்த்ததும் தன் குடையைப் பிடித்து வீடு வரை கூட்டிவந்து விட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் ஆளை அமைதிப்படுத்த ஆஸ்பத்திரியில் குளிசை வாங்கினார்கள். சாயந்தரத்துக்கு ஒன்று என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த பஸ்ஸை மறக்க முடியாத அம்மாக்கண்ணு யாருக்கும் தெரியாமல் பகலிலும் ஒன்று கொடுத்தாள். தட்டல் நின்றது. கூடவே மற்றதும் நின்றது. வாயில் வைத்த ரொட்டி வாயிலேயே இருந்தது. எச்சில் வழிந்தது. ஒரு நாள் காலையில் கக்கூஸ் படியில் விழுந்து நெற்றி பிளந்தது. ரத்தத்தைத் துடைத்த கையோடு அம்மாக்கண்ணு மகளிடம் உண்மையைச் சொன்னாள்.

"நாந்தான் புள்ள கூடக் குடுத்தேன். ரோட்டுல அடிபட்டுச் சாகுறத விட வூட்டுல தூங்கட்டுமேன்னு நெனச்சேன்."

பிரேமினி அம்மாவைத் திட்டவில்லை. மிச்சக் குளிசையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

கிளினிக்கில் இருந்த தாதி லோஜனா யாழ்ப்பாணத்துப் பெண். வந்து அதிக நாள் ஆகவில்லை. குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டிருந்தாள். டாக்டர் காயத்தைப் பார்த்து, குளிசையைக் குறைத்து, பிறகு நிறுத்தப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு லோஜனாவிடம் அனுப்பினார். அவள் சோலைமலையைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பேசினாள். அவரைப் பற்றி அவர் இல்லாததுபோல் பேசவில்லை.

"ஐயா ஏன் சுவரைத் தட்டுறார் எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள்?"

"மறதிதான் மிஸ். வேற என்னா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"அது எனக்குப் போதாதம்மா. பசிச்ச பிள்ளை அழும். இடுப்பு வலிச்சாலும் அழும். நாங்கள் ரெண்டுக்கும் வாயைப் பொத்தினால் சரியோ? இவருக்கு ஏதோ வேணும். அதைச் சொல்லத் தெரியேல்லை. மருந்தாலை ஆளை அமத்தலாம், அவருக்கு வேணும் எண்டதை அமத்தேலாது."

"என்னா வேணும்னு எப்புடி மிஸ் கண்டுபுடிக்கிறது?"

"எனக்கும் தெரியாது. நீங்கள்தான் பார்க்கவேணும். அது துவங்கிறதுக்கு முன்னம் என்ன நடக்குது? என்ன சத்தம், என்ன வெளிச்சம்? வீட்டில ஆர் ஆர் நிக்கினம்? எங்கை ஓடுறார்? ஓடினால் மறிக்காமல், கையைப் பிடிச்சுக்கொண்டு கூடப் போய்ப் பாருங்கோ. ரோட்டைக் கவனமாய்க் கடக்கவேணும்."

"கூடப் போறதா?" அம்மாக்கண்ணுவுக்கு ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு வைத்தியம் சொல்வார்கள் என்று நம்பிக்கையில்லை. "குளுசை எழுதித் தரமாட்டீங்களா?"

"வேணுமெண்டால் பிறகு பார்ப்பம். முதல்ல இதுகளைச் செய்து பாருங்கோ."

அன்றிலிருந்து பிரேமினிக்கு ஒரு புது ஆர்வம் பிடித்துக்கொண்டது. வேலையில் மாற்றி விடச் சொல்லி, சாயந்தரம் நேரத்தோடு வர ஏற்பாடு செய்துகொண்டாள். பிள்ளைக் காம்பராவில் பேச்சு வராத குழந்தைகளோடு நாளெல்லாம் கிடக்கிறவள்தானே. எந்த அழுகை பாலுக்கு, எது வயிற்று வலிக்கு என்று பார்த்துப் பழகியவள். அப்பாவை அப்படிப் பார்க்க வேண்டும் என்று இதுவரை தோன்றாததுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். இருட்டு கட்டுமுன்பே லைட்டைப் போட்டாள். நிழலைப் பார்த்து அவர் மிரளுவது நின்றது, தட்டல் நிற்கவில்லை. கால் கழுவ வெந்நீர் வைத்தாள். சுகமாகக் காலை நீட்டினார், பிறகு ஈரக்காலோடு போய்த் தட்டினார். பழைய பாட்டைப் போனில் போட்டாள். தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே தட்டினார். அம்மாக்கண்ணு மலையிலிருந்து மடியில் கொஞ்சம் கொழுந்து கொண்டுவந்து சுளகில் கொட்டிக் கொடுத்தாள். அது நன்றாக வேலை செய்தது. இரண்டு கையாலும் அள்ளி, அமுக்கி, விரலால் உதிர்த்து, முகர்ந்து, நெடுநேரம் தன்னை மறந்து இருந்தார். "இன்னும் வாடணும்" என்றுகூடச் சொன்னார். அம்மாக்கண்ணு அடுப்படியில் நின்று அதைக் கேட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது. ஆனால் மிஸ்ட் ஏறியதும் சுளகை ஓரமாக வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பிள்ளைகள் விளையாட்டுக்குச் சுவரைத் தட்டினால் தட்டிவிட்டு ஓடிவிடும். இவர் காதை வைத்துக் காத்திருக்கிறாரே, அது ஏன்? பிரேமினி ஒரு சாயந்தரம் அவர் பக்கத்தில் போய்த் தானும் காதைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். சில்லென்ற சீமெந்தும் மழைச் சத்தமும்தான் இருந்தன. அவர் அவளைப் பார்த்து, அவளுக்கும் கேட்கவில்லையா என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். கண்ணில் பயம் இருந்தது. அதுவரை எல்லோரும் அதைக் கோபம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் ஜீவராஜ் போனில் பேசினான்.

"அக்கா, நானும் எத்தன தடவ சொல்றது. நுவரெலியா பக்கம் ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கேன். சுத்தமா வச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்."

"குளுசைய நிறுத்தினதுக்கப்பறம் அப்பா பேசுறாருடா."

"பேசிட்டு ரோட்டுக்கு ஓடுறாரே. பஸ்ஸு ஒரு நாளு நிக்கும், எல்லா நாளும் நிக்குமா? நீயும் வேலைக்குப் போகணும், அம்மாவுக்கும் ஏலாது. எனக்கு அங்க அடுப்புல வச்சதெல்லாம் கருகுது அக்கா. போன் அடிச்சாலே அப்பாவுக்கு என்னமோன்னு இருக்கு."

அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் பிரேமினிக்குக் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது தெரியாவிட்டால் அப்பா போய்விடுவார். தன் வீட்டுச் சுவரையே தேடிக்கொண்டிருக்கிறவர், முன்பின் தெரியாத ஆட்களின் சுவர்களுக்கு நடுவில் என்ன செய்வார்?

வெள்ளிக்கிழமை சாயந்தரம் தட்டல் தொடங்கி, மூச்சு வாங்கி, அவர் வாசலுக்குப் பாய்ந்தபோது பிரேமினி மறிக்கவில்லை. செருப்பைப் போட்டுவிட்டாள். குடையைப் பிடித்து, கையைக் கோர்த்துக்கொண்டாள். அம்மாக்கண்ணு, "அடியே, ரோடுடி" என்று பின்னாலேயே வந்து ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டாள். அதற்கு மேல் கீழே இறங்கவில்லை. லயத்துப் பக்கம் கால் வைப்பதில்லை என்று சபதம்.

இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து குறுக்குப் படியில் இறங்கினார்கள். பெயர்கள் எல்லாம் போன மனிதருக்கு அந்தப் படியில் எந்தக் கல் ஆடும் என்று தெரிந்திருந்தது. அதை மட்டும் தாண்டிக் கால் வைத்தார். லயத்தில் தங்கள் பழைய காம்பராவுக்குத்தான் போவார் என்று பிரேமினி நினைத்தாள். பழைய காம்பராவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கதவில் போய் நின்றார்.

அழகம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கேன்ங்க. நல்லா இருக்கேன். போங்க" என்றாள், தினமும் சொல்கிறவள்போல.

சோலைமலையின் தோள் இறங்கியது. மூச்சு சீரானது. ஒரு தடவை தலையாட்டிவிட்டு, வந்த வழியே திரும்பினார். பிரேமினி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெரியம்மா, என்னா இது?"

"என்னாவா? ஒங்கப்பாவக் கேளு."

"அப்பாவக் கேக்கத்தான் ஏலாதே. நீங்களாவது சொல்லுங்க."

அழகம்மா கொஞ்சம் பிகு பண்ணினாள். சவ்சவ் கொடிச் சண்டையை ஒரு தடவை இழுத்துப் பேசினாள். பிறகு பலகையைத் தள்ளிப் போட்டு சோலைமலையை உட்காரவைத்து, கருப்பட்டித் துண்டும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு எறந்தாரே, அன்னைக்கு நான் மக வூட்டுல, வலப்பனையில. மனுசன் இந்தா இந்த எடத்துலதான் விழுந்து கெடந்தாரு. விடிஞ்சுதான் பாத்தாங்க. ஒங்கப்பா அந்தப் பக்கம் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்திருக்காரு. தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சாம். மாவு மூட்டைய எறக்குறான் வீரய்யான்னு நெனச்சிட்டாராம். எழவு முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் இங்க வந்து நின்னு அதச் சொன்னாரு. 'நான் ஒரு தட்டு தட்டிக் கேட்டிருந்தா பொழச்சிருப்பான் அழகம்மா'ன்னு சொல்லி அழுதாரு. ஆம்பள அப்புடி அழுது நான் பாத்ததில்ல."

"எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

"சொல்லாதேன்னுட்டாரு. வெக்கம். அதுக்கப்பறம் ஒரு நாளு தப்பாது. ஒங்கம்மா பீலிக்குப் போனதும் ரெண்டு தட்டு தட்டுவாரு. நான் ரெண்டு தட்டுனா, சரி, இவ உசிரோட இருக்கான்னு அர்த்தம். தட்டலேன்னா வந்து பாத்துருவாரு. ஒருக்கா காச்சல்ல கெடந்தேன், வந்து பாத்துட்டு ஒங்கம்மாவத்தான் கஞ்சி வச்சிக் குடுன்னு அனுப்புனாரு. ஒங்கம்மாவும் குடுத்தா. கை நல்ல கைதான். வாய்தான் அப்புடி."

பிரேமினி அப்பாவைப் பார்த்தாள். அவர் கருப்பட்டியை நக்கிக்கொண்டிருந்தார். எதையுமே மறந்துபோகாத ஒரு இடம் அவருக்குள் இருந்திருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் அதைத்தான் மறதி என்று சொல்லியிருக்கிறோம்.

"பெரியம்மா, சாயந்தரத்துல எங்க வூட்டுக்கு வந்து வெளிப் பக்கமா ரெண்டு தட்டு தட்டுவீங்களா?"

"இந்த முட்டிய வச்சிக்கிட்டு அந்தப் படி ஏறவா?" அழகம்மா சேலையை விலக்கி வீங்கிய முழங்காலைக் காட்டினாள். பிறகு குரல் மாறியது. "ஏற முடிஞ்சாலும், ஒங்கம்மா வந்து கூப்புடட்டும். கூப்புட்டா தவழ்ந்துகூட வருவேன்."

வீட்டுக்கு வந்து பிரேமினி விஷயத்தைச் சொன்னபோது அம்மாக்கண்ணு ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"நான் பீலிக்குப் போனதும் தட்டுவாராமா?"

"ஆமாம்மா."

"நான் குடத்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் இவரு சொவத்தத் தட்ட, அவ தட்ட. இத்தன வருசமா? கஞ்சி வச்சிக் குடுத்த கூமுட்டைக்கு ஒரு வார்த்த இல்ல?"

"வீரய்யா பெரியப்பா செத்தது அப்பாவுக்கு மனசுல கெடந்திருக்கும்மா. வேற ஒண்ணும் இல்ல."

"வேற ஒண்ணு இருக்குன்னு நான் சொன்னேனா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல. அந்தச் சத்தம் எனக்குந்தாண்டி கேட்டுச்சு. அன்னைக்கு எனக்குக் காச்சல், பீலிக்குப் போவல. நானும் படுத்துக்கிட்டே மாவு மூட்டைன்னுதான் நெனச்சேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் மாவை ஓங்கிக் குத்தினாள். கண்ணீர் மாவில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. ஒரே சத்தத்தைக் கேட்ட இரண்டு பேர், ஒரே பாயில் படுத்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். இப்போது சொல்லலாம் என்றால், கேட்க வேண்டியவருக்குப் புரியாது.

"பெரியம்மாவ வந்து கூப்புடுறியாம்மா? நீ கேட்டா வருவாங்க."

"செத்தாலும் மாட்டேன்" என்றாள் அம்மாக்கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஜீவராஜ் வந்தான். அப்பாவுக்குப் பிடித்த கருவாடு, புதுச் சுவெட்டர், உடுப்பு வைக்க ஒரு பை. மறுநாள் காலையில் கிளம்ப வேன் சொல்லியிருந்தான். பிரேமினி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

"சரி அக்கா. அப்ப யாராச்சும் தட்டுனாப் போதும்ங்கிற."

"அப்புடித்தான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறதுக்கும் நடக்கிறதுக்கும் நடுவுல பஸ் ரோடு இருக்கு. இன்னைக்குப் பாப்போம்."

மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறி, கொய்யாக் கன்று மறைந்து, வாசல் மறைந்தது. சோலைமலை சுளகை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு தட்டு. பிரேமினி தயாராக வெளியே நின்றிருந்தாள். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

உள்ளே அவர் காதைச் சுவரில் அழுத்தினார். முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"அவ இல்ல" என்றார்.

பிரேமினி அகப்பைக் காம்பால் தட்டினாள். கல்லால் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவருக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. அழகம்மா எதை வைத்துத் தட்டுவாள் என்று கேட்க வேண்டும் என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை. அடுத்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், அழகம்மா இல்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். உள்ளங்கையால் சுவரை அறைந்தார். "தொப்புன்னு... தொப்புன்னு..." என்றார். அதற்கு மேல் சொல் வரவில்லை. வாசலுக்குப் பாய்ந்தார். ஜீவராஜ் குறுக்கே நின்று இடுப்போடு கட்டிப் பிடித்தான். கிழவருக்கு எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, மகனைச் சுவரோடு சாய்த்துத் தள்ளினார். பெஞ்சு கவிழ்ந்தது.

"அப்பா, விடுங்கப்பா. அப்பா, நான்தான்." ஜீவராஜ் அழுதுகொண்டிருந்தான். "அக்கா, போதும். இதுக்கு மேல என்னால பாக்க ஏலாது."

பிரேமினி ஓடிவந்து அப்பாவின் மறு கையைப் பிடித்தாள். அப்போதுதான் வெளியே கேட்டது. விரல் சத்தமில்லை. கல்லும் இல்லை. மெலிந்த மரக்கம்பு ஒன்று சுவரில் படுகிற சத்தம், இரண்டு தடவை.

சோலைமலை நின்றார். மகனின் பிடிக்குள் அப்படியே தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு சுவரிடம் போய், விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். வெளியிலிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது.

"இருக்கா" என்றார்.

கவிழ்ந்த பெஞ்சை அவரே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். ஜீவராஜ் சுவரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

குசினிக் கதவு திறந்தது. அம்மாக்கண்ணு உள்ளே வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் மட்டக்கம்பு, கொழுந்து பறிக்கும்போது செடியின் மேல் மட்டம் பார்க்கக் குறுக்கே வைக்கிற மெலிந்த கம்பு. கொழுந்துக்குப் போன பெண்கள் ஒவ்வொருத்தி வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒன்று சாய்ந்திருக்கும், அழகம்மா வீட்டிலும்.

"கால் ஏலாதவ எந்திரிச்சு வந்து கைய வச்சா தட்டுவா? ஒக்காந்த எடத்துல எட்டுறது இதுதான்" என்று மகளிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கம்பைக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள். "அவ தட்டுனா என்னா, நான் தட்டுனா என்னா. சொவத்துக்குத் தெரியவா போவுது."

ரொட்டியைச் சூட்டோடு தட்டில் போட்டு, கட்டச்சம்பலும் கருவாட்டுத் துண்டும் வைத்து, புருஷன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நல்ல செய்தியைச் சொல்லும் சந்தோஷம் முகத்தில் இருந்தது.

"அழகம்மா இருக்கா."

"ஆமா. இருக்கா" என்றாள் அம்மாக்கண்ணு. "எனக்கும் கேட்டுச்சு."

ஜீவராஜ் எழுந்து, கதவோரம் கட்டி வைத்திருந்த பையைத் திறந்தான். அப்பாவின் சாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டான்.

சோலைமலை ரொட்டியைப் பிய்த்தவர் கையை நிறுத்தினார். அவள் சேலையிலிருந்து தரையில் சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நனஞ்சிருக்கியே. எங்க போன?"

அம்மாக்கண்ணு முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பீலிக்குப் போயிருந்தேன்" என்றாள்.

"ம்" என்று தலையாட்டிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.